பீரங்கி எட்டாத பண்ருட்டி

பண்ருட்டிக்குப் போய்வரப் போகிறோம் என்று வீட்டில் சொன்னதும் நமக்குக் கிடைத்த முதல் உத்தரவு, "நல்ல சுளையாக இருக்கிற பலாப்பழம் ஒன்று பார்த்து வாங்கி வாருங்கள்" என்பதுதான். இரண்டாவது உத்தரவு முந்திரிப் பருப்பு. மூன்றாவது, கொலுவுக்கு மண் பொம்மை. "நாம் போவது சரித்திர ஆராய்ச்சிக்காக" என்று சற்றுக் கம்பீரமாகவே சொல்லிப் பார்த்தோம். "அதற்கென்ன? ஆராய்ச்சி முடிந்த பிறகு வாங்கினால் போதும்" என்று பெரிய மனது பண்ணிச் சலுகை கொடுத்தார்கள்.

உண்மையைச் சொன்னால் நம்முடைய பிரயாணம் பண்ருட்டியில் தொடங்கவில்லை; எழும்பூரில் தொடங்கிற்று. நேயர்களில் பலர் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எத்தனையோ தடவை போயிருப்பார்கள். வண்டியைப் பிடிக்கிற அவசரத்தில், அருகிலேயே இருக்கும் சிவப்புச் செங்கல் கட்டிடம் ஒன்றைத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். அதில் குற்றமில்லை. ரயில் காத்திராது, அந்தக் கட்டிடத்துக்குள் இருப்பவையோ முந்நூற்றைம்பது வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கின்றன. 1909-ல் எழுந்த அந்தக் கட்டிடத்துக்கு மதராஸ் ரிக்கார்டு ஆபீஸ் என்று பெயர். 1973 முதல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1670-ஆம் வருஷத்திலிருந்து தொடங்கும் சர்க்கார் தஸ்தாவேஜுகள் அதன் இரும்பு அலமாரிகளில் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கின்றன.

கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னைக் கோட்டையில் ஒரு கவர்னரையும், அவருக்குத் துணையாக ஒரு கவுன்ஸிலையும் வைத்திருந்தார்கள். கவுன்ஸில் கூடும்போதெல்லாம் நடந்ததைப் பெரிய நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைப்பது வழக்கம். எந்தத் துணிக்கு என்ன விலை, எந்த வியாபாரிக்கு எவ்வளவு முன்பணம், எந்தக் கப்பல் கரை தட்டிற்று, எந்தத் துரை எந்தத் துரையோடு சண்டை போட்டார் – ஒன்றையும் விட்டதில்லை. எழுதியதில் ஒரு பிரதியைக் கப்பலேற்றி லண்டனில் இருந்த எஜமானர்களுக்கு அனுப்பவேண்டும். பல ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கு ஒரு குமாஸ்தா எழுதிய கணக்குதான் இன்று நமக்குச் சரித்திரமாகக் கிடைக்கிறது. இதை மறவாமல் படிக்கவேண்டும். முதலாளிக்கு எழுதும் கடிதத்தில் எது முன்னே வரும், எது வராமலே போகும் என்பது குமாஸ்தா வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மெல்லிய துணி ஒட்டிச் செப்பனிட்ட பழுப்புக் காகிதங்களைப் புரட்டும்போது முதலில் சிரிப்புத்தான் வருகிறது. நம்முடைய ஊர்ப் பெயர்கள் அந்தத் துரைகளின் நாக்கில் பட்ட பாடு அப்படி! தேவனாம்பட்டினம் 'தெக்னப்பட்டம்' ஆகிறது. திருப்பாதிரிப்புலியூர் 'டிரிப்போபலூர்'. அப்பர் பெருமான் ஆட்கொள்ளப்பட்ட திருவதிகை வெறும் 'டிரிவாடி'. நல்லவேளை, கூடலூர் மட்டும் 'கடலூர்' என்ற அளவோடு பிழைத்தது; அந்தப் பிழையே இன்று அதன் பெயரும் ஆகிவிட்டது.

நாம் தேடிப்போனது 1690-ஆம் வருஷத்து விவகாரம்.

அப்போது செஞ்சிக் கோட்டையில் சிவாஜி மகாராஜாவின் இளைய குமாரர் ராஜாராம் இருந்தார். ஔரங்கசீப்பின் சேனை அவரைத் துரத்திக்கொண்டு தெற்கே வந்து செஞ்சியை முற்றுகையிட்டிருந்தது. முற்றுகைக்குள் இருப்பவருக்கு முதலில் வேண்டியது பணம். சென்னையில் கவர்னராக இருந்தவர் ஈலிஹு யேல். கெடில நதி கடலில் விழும் இடத்தில், தேவனாம்பட்டினத்தில் இருந்த ஒரு சிறு கோட்டையின் மேல் கும்பினியாருக்கு வெகுநாளாகக் கண். பேரம் படிந்தது. கோட்டையோடு எவ்வளவு நிலம் என்ற கேள்வி வந்தது. சங்கிலி போட்டு அளக்கவில்லை, எல்லைக்கல் நடவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவும் சேர்த்தி என்று முடிவாயிற்று!

இப்படி ஓர் ஒப்பந்தம் கையில் கிடைத்தால் வியாபாரி சும்மா இருப்பானா? சென்னையில் இருந்த பித்தளைப் பீரங்கிகளில் மிகச் சிறந்ததைத் தேடி அனுப்பினார்கள். அதை எப்படி மருந்திட்டு எப்படிச் சுட்டால் அதிக லாபம் என்பது பீரங்கிக்காரனுடைய சாமர்த்தியம் என்று ஜாடையாக எழுதியும் வைத்தார்கள். 1690 செப்டம்பரில் பீரங்கி வெடித்தது. நாலா பக்கமும் குண்டு பறந்தது. விழுந்த இடத்துக்கு உட்பட்ட ஊர்களெல்லாம், கூடலூர்ப் பட்டணம் உள்பட, கும்பினியாருக்குச் சொந்தமாயின. 'குண்டு கிராமங்கள்' என்று அவற்றுக்குப் பெயரே நிலைத்துவிட்டது. யேல் துரை வேல்ஸ் நாட்டு வம்சத்தவர். ஆகையால் அந்நாட்டின் அடியாரான டேவிட்டின் பெயரைக் கோட்டைக்குச் சூட்டினார்கள்.

இந்த யேல் துரை சாதாரண ஆசாமி அல்ல. சீமைக்குத் திரும்பிச் சென்று பல வருஷங்களுக்குப் பிறகு, 1718-ல், அமெரிக்காவில் இருந்த ஒரு சிறு கலாசாலைக்கு ஒன்பது பொதிச் சரக்கும், 417 புத்தகங்களும், இங்கிலாந்து ராஜாவின் படம் ஒன்றும் நன்கொடையாக அனுப்பினார். சரக்கு 562 பவுனுக்கு விலை போயிற்று. நன்றியறிதலாகக் கலாசாலைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதுதான் இன்று உலகமெல்லாம் அறிந்த யேல் சர்வகலாசாலை. கவர்னராக இருந்தபோது யேல் சொந்த வியாபாரத்தில் திரட்டிய செல்வம் நம்முடைய கடற்கரையில் திரட்டியது என்பதை அங்கே படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்களோ!

இவ்வளவும் காகிதத்தில் இருக்கிறது. இல்லாதது ஒன்று உண்டு. தலைக்கு மேலே குண்டு பறந்த அந்த நாளில், வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் என்ன நினைத்தார்கள்? காலையில் ஒரு ராஜாவின் குடிகளாக எழுந்து மாலையில் ஒரு கடையின் குடிகளாகப் படுத்தவர்கள் யார்? அவர்கள் பெயர் என்ன? நாம் புரட்டிய பக்கங்களில் அவர்கள் இல்லை. இடம் எங்கே, விலை என்ன என்பதோடு பக்கம் முடிந்துவிடுகிறது.

எழும்பூரில் ஏறியவர்கள் விழுப்புரம் தாண்டியதும் மூட்டையை எடுத்துவைத்துக்கொண்டால் சரியாக இருக்கும், பண்ருட்டி வந்துவிடும். கடற்கரையிலிருந்து ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். எப்படிப்பட்ட பித்தளைப் பீரங்கியானாலும், எவ்வளவு சாமர்த்தியசாலி சுட்டாலும் குண்டு அவ்வளவு தூரம் வராது. பண்ருட்டி தப்பிற்று! கர்நாடகத்தை நவாபு கும்பினியாரிடம் ஒப்படைத்த 1801-ஆம் வருஷம் வரைக்கும் தப்பிற்று என்று திருத்திச் சொல்லவேண்டும். அந்த வருஷம் ஜில்லா முழுவதும் ஒரே கையெழுத்தில் போயிற்று. குண்டைவிடப் பேனாவுக்குத் தூரம் அதிகம்.

ஊருக்குள் நுழையும்போதே செம்மண்ணும், சாலை ஓரத்தில் மலைபோல் குவிந்த பலாவும் நம்மை வரவேற்கின்றன. முந்திரி, போர்த்துக்கீசியர் பிரேஸில் தேசத்திலிருந்து கொண்டுவந்த மரம். நிலக்கடலையும் அக்கரைச் சரக்குத்தான். 'மணிலாக் கொட்டை' என்று வந்ததை இந்தப் பக்கத்து ஜனங்கள் 'மல்லாட்டை' என்று செல்லமாகச் சுருக்கிக்கொண்டார்கள். சென்ற நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டின் கடைசியில் தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்ஸில் மார்ஸேல்ஸ் பட்டணத்துக்குப் போய், எண்ணெயாகிச் சோப்பாக மாறிற்று. ஊர் பெரிதாவதற்கு ராஜாதான் வேண்டுமென்பதில்லை, கொட்டையும் போதும்.

பண்ருட்டியை ஒட்டியதுதான் திருவதிகை. கெடில நதிக்கரையில் வீரட்டானேசுவரர் கோயில். சிவபெருமான் திரிபுரத்தை எரித்த தலம் என்பார்கள். சூலை நோயால் துடித்த மருள்நீக்கியார், தமக்கை திலகவதியார் கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு திருநாவுக்கரசராக எழுந்த இடம். அவர் பிறந்த திருவாமூரும் பக்கத்திலேயே இருக்கிறது. தரிசனம் செய்துகொண்டு பிராகாரம் சுற்றி வரும்போது, சுவரைப் பார்த்து நடக்கும்படி நேயர்களை வேண்டிக்கொள்கிறோம். அங்கே இருப்பதும் ஆவணக் காப்பகந்தான்.

நம் நாட்டில் கவுன்ஸில் என்பது வெள்ளைக்காரர் கப்பலில் வந்து இறங்கிய சரக்கல்ல. சோழர் காலத்தில் ஊர்ச் சபைகள் இருந்தன. காஞ்சீபுரம் பக்கத்தில் உத்தரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் எழுதிய சாசனங்கள் குடவோலை போட்டுச் சபைக்கு ஆள் எடுத்த விதத்தைக் கல்லில் சொல்கின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக்கூடாது. அவனுடைய உறவினரும் நிற்கக்கூடாது என்பது அதில் ஒரு விதி. (இந்த விதியை இன்றைக்குக் கொண்டுவந்தால் தேர்தலில் நிற்க ஆள் கிடைப்பார்களா என்ற விசாரத்தை நேயர்களுக்கே விட்டுவிடுகிறோம்.) அந்தச் சபைகள் தங்கள் தஸ்தாவேஜுகளைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். ஒரு நந்தாவிளக்குக்கு 90 ஆடு அல்லது 96 ஆடு, இன்ன நிலத்துக்குக் கிழக்கெல்லை இது, மேற்கெல்லை இது, இதற்குச் சாட்சி இன்னார் இன்னார் என்று எல்லாமே பகிரங்கம். சுவாமி பார்க்க வருகிறவன் கணக்கையும் பார்த்துக்கொண்டு போகலாம்.

திருவதிகைச் சுவரில் நாம் தேடியது நரலோகவீரன் பெயரை. முதல் குலோத்துங்க சோழனுடைய சேனாபதி இவர். மணவிற் கூத்தன் காலிங்கராயன் என்றும் சொல்வார்கள். திருவதிகையிலும் தில்லையிலும் இவர் செய்த திருப்பணிகளை வெண்பாக்களாகவே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். மண்டபம் கட்டினார், தோப்பு வைத்தார், அப்பர் பெருமானுக்கு இங்கே தனியாகக் கோயில் எடுத்தார். தில்லையில் மூவர் பாடிய தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதுவித்தார் என்றும் சாசனம் சொல்கிறது. யுத்தத்தில் வெட்டிச் சாய்த்த கையே செப்பேட்டில் எழுதியும் வைக்கச் சொல்லியிருக்கிறது. கவர்னர் யேலின் கணக்குப் புத்தகத்துக்கு அறுநூறு வருஷம் முந்திய ஆவணப் பாதுகாப்பு இது.

ஆனால் கல்லும் எப்போதும் நல்ல செய்தியே சொல்லிக்கொண்டிருப்பதில்லை. இதே கெடிலக் கரையோடு கிழக்கே போனால் திருவஹீந்திரபுரம், தேவநாதப் பெருமாள் கோயில். அங்கே ஒரு சாசனம், மூன்றாம் ராஜராஜனுடைய 16-ஆம் ஆண்டில், அதாவது 1231-32-ல் வெட்டியது. ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் இதை அச்சேற்றினார். படித்தால் கல்வெட்டு மாதிரியே இல்லை. போர்முனையிலிருந்து வந்த தந்தி மாதிரி இருக்கிறது. காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சோழ சக்கரவர்த்தியையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்துவிட்டான். செய்தி கேட்ட ஹொய்சள ராஜா நரசிம்மன், அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன் என்ற இரண்டு தண்டநாயகர்களைச் சேனையோடு அனுப்பினான். அவர்கள் வந்த வழியைச் சாசனம் ஊர் ஊராகச் சொல்கிறது. இன்ன ஊரை அழித்தோம், பொன்னம்பலத்தில் சுவாமி தரிசனம் பண்ணினோம், இன்ன ஊரை அழித்தோம், திருப்பாதிரிப்புலியூரில் தண்டு இறங்கினோம், திருவதிகையையும் திருவக்கரையையும் அழித்தோம், பயிரைக் கொளுத்தினோம். கடைசியில் கோப்பெருஞ்சிங்கன் பயந்து சோழனை விடுவித்தான். சாசனத்தின் நோக்கம் வெற்றியைச் சொல்வது. நமக்கோ, காலையில் கும்பிட்டுவிட்டு வந்த திருவதிகை அந்தப் பட்டியலில் நடுவில் ஓர் அரை வரியாகக் கிடக்கிறது. அரை வரிக்குள் எத்தனை கூரை எரிந்திருக்கும்!

பிறகும் ஒரு தடவை அந்த ஊருக்கு இந்தக் கதி வந்தது. 1750-லிருந்து 1753 வரை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், ஆளுக்கொரு நவாபை முன்னே நிறுத்திக்கொண்டு, திருவதிகைக் கோயிலையே கோட்டையாக வைத்து மாறி மாறிப் பிடித்தார்கள். 1750 செப்டம்பரில் முகம்மது அலியின் பெரிய பாளயம் இங்கே சிதறியோடிய பிறகு சில நாட்களுக்குள் செஞ்சியே பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. கவுன்ஸில் புத்தகங்களில் 'டிரிவாடி' என்ற பெயர் அடிக்கடி தலைகாட்டுவது இந்த வருஷங்களில்தான். அப்பர், திலகவதியார் என்ற பேச்சே அதில் கிடையாது. இத்தனை சிப்பாய், இத்தனை பீரங்கி, மதில் இவ்வளவு உயரம். அதே வருஷங்களில் புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை இரவில் விளக்கை வைத்துக்கொண்டு தமிழில் தினசரிக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார் என்பது ஓர் ஆறுதல். 1736 முதல் 1761-ல் அவர் காலமாகும் தறுவாய் வரை எழுதினார். துரைகளின் சண்டையைப் பக்கத்திலிருந்து பார்த்து நம்முடைய பாஷையில் எழுதிய ஒரு மனிதராவது இருந்தார்!

திருப்பாதிரிப்புலியூரைத் தாண்டும்போது ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சமணர்களுடைய பள்ளி ஒன்று முன்காலத்தில் இங்கே பிரசித்தமாக இருந்தது. 'லோகவிபாகம்' என்ற சமண நூலைக் காஞ்சி மன்னன் சிம்மவர்மனுடைய 22-ஆம் ஆண்டில், சக வருஷம் 380-ல், சர்வநந்தி என்ற முனிவர் எழுதினார் என்று அந்நூலிலேயே குறிப்பு இருக்கிறது. நம் கணக்கில் கி.பி. 458. எழுதிய ஊர் இந்தப் பாடலிபுரமே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பூஜ்யத்தை வைத்து இடமதிப்பில் எண் எழுதும் முறையைக் காட்டும், காலம் நிச்சயமாகத் தெரிந்த நூல்களில் இதுவே மிகப் பழையது என்பது கணித சரித்திரக்காரர் கொள்கை. பூஜ்யம் ஒன்றுமில்லை என்று யார் சொன்னது?

தேவனாம்பட்டினத்தில் கடற்கரை அழகாக இருக்கிறது. சாயங்காலம் குழந்தைகளும் சுண்டல்காரர்களும் நிறைந்திருக்கிறார்கள். 'கோட்டை எங்கே?' என்று கேட்டால் கையைக் காட்டுகிறார்கள். காட்டிய இடத்தில் சில இடிபாடுகள், கொஞ்சம் செங்கல், நிறையச் செடி. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், இந்தக் கோட்டைதான் சில வருஷம் கும்பினியாருக்குத் தலைநகராக இருந்தது. ராபர்ட் கிளைவ் 1756-ல் இதற்குக் கவர்னராக வந்தார். 1758 ஜூன் மாதம் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளினார். நாலா பக்கமும் குண்டு போட்டு ஊர்களை வளைத்த கோட்டை, எழுபது வருஷத்துக்குள் குண்டு பட்டே விழுந்தது. கோட்டை போயும் குண்டு கிராமம் என்ற பேர் போகவில்லை.

திரும்பும்போது வந்த வழியே வராமல் குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பண்ருட்டி சேர்ந்தோம். வடலூரிலும் ஒரு தஸ்தாவேஜு உண்டு. 1867 பிப்ரவரி 2-ஆம் தேதி, பார்வதிபுரத்துக் குடிகள் நாற்பது பேர் ஏறக்குறைய எண்பது காணி நிலத்தை வள்ளலார் கேட்டபடி தருமச்சாலைக்கு எழுதிக் கொடுத்தார்கள். பீரங்கி வெடிக்கவில்லை, பேரம் பேசவில்லை, நாற்பது பேரும் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிக் கொடுத்த பத்திரம். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. இந்தப் பிரயாணத்தில் நிலத்தைப் பற்றி நாம் கண்ட காகிதங்களில், கொடுத்தவர்கள் முகம் தெரிவது இது ஒன்றில்தான்.

நெய்வேலிக் கதை தலைகீழ். 1935-ல் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலச்சுவான்தார் தம்முடைய நிலத்தில் ஊற்றுக்கிணறு போட்டபோது தண்ணீரோடு கரிய மண் பொங்கி வந்தது. அவர் அதை லேசில் விடவில்லை, சர்க்காருக்குத் தெரிவித்தார், பின்னால் அறுநூறு ஏக்கருக்கு மேல் நிலமும் கொடுத்தார். 1956-ல் நிலக்கரிக் கார்ப்பரேஷன் ஏற்பட்டது. 1957 மே 20-ல் ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த வருஷம் சோவியத் உதவியோடு கட்டிய மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. தமிழ்நாட்டின் எத்தனையோ கிராமங்களில் முதல் விளக்கு எரிந்ததற்கு இந்தக் கரிக்கும் பங்கு உண்டு. காமராஜர் மந்திரிசபையின் காலத்தில் தேசம் பெருமைப்பட்ட காரியங்களில் ஒன்று. நாமும் பெருமைப்படுகிறோம். நகரியத்தின் நேரான வீதிகளும் மரநிழலும் எந்த ஊருக்கும் பொறாமை உண்டாக்கும்.

ஆனால் பழைய நெய்வேலி என்ற கிராமம் எங்கே என்று கேட்டால், சுரங்கத்தைத்தான் காட்டவேண்டும். அதைப் போலச் சுற்றிலும் பல ஊர்கள் பெயர்ந்தன. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலுக்குள்ளேயே கால்வாய் வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதை நேயர்கள் பத்திரிகையில் பார்த்திருப்பார்கள். நிலம் பல வருஷத்துக்கு முன்பே காகிதப்படி எடுக்கப்பட்டது, பணமும் கொடுத்தாயிற்று என்றார்கள் சுரங்கத்தார். நேற்று வரை உழுதோம், விதைத்தோம், யாரும் தடுக்கவில்லை என்றார்கள் குடிகள். விஷயம் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று; பயிருக்கு நஷ்ட ஈடு தர உத்தரவாயிற்று. காகிதம் ஒன்று சொல்ல, வயல் வேறொன்று சொல்ல, இரண்டில் எதற்கும் பொய் என்று பெயர் வைக்க முடியாத வழக்கு இது.

பண்ருட்டி பஸ் நிலையத்தருகில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். பலாப்பழம் பேரம் முடிந்து சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நம் கையில் இருந்த குறிப்புப் புத்தகத்தையும், நாம் கடைக்காரரிடம் குண்டு கிராமங்களைப் பற்றி விசாரித்ததையும் கவனித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மெதுவாக நகர்ந்து வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் வைத்த ஒரு காகிதத்தை எடுத்தார். பட்டாவின் நகல், மடித்து மடித்து நாலாக விட்டுப்போயிருந்தது.

"ஐயா, நீங்க மெட்ராஸ்ல பழைய புஸ்தகமெல்லாம் பார்க்கறவங்களா?" என்று கேட்டார்.

"பார்ப்பதுண்டு, பெரியவரே."

"எங்க ஊரு சுரங்கத்துக்குப் போயிட்டுதுங்க. சின்னப் பிள்ளையில போனது. நிலத்துக்குப் பணம் வந்துது, மனை கொடுத்தாங்க, அதுல ஒண்ணும் இல்லைங்க. என் பேரன் பள்ளிக்கூடத்துல சொந்த ஊரு எதுன்னு எழுதச் சொன்னாங்களாம். ஊரு பேரை எழுதினானாம். அப்படி ஒரு ஊரே படத்துல இல்லேன்னு சிரிச்சாங்களாம். அந்தப் புஸ்தகத்துல எங்க ஊரு இருக்குங்களா?"

கர்ணம், மணியம் வேலைகளை 1980-ல் சர்க்கார் எடுத்துவிட்டது. அதற்கு முன் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு கர்ணம் இருந்தார்; அடங்கல், சிட்டா, 'அ' பதிவேடு என்று அவர் வீட்டுப் பரணில் அந்தக் கிராமத்தின் முழு ஜாதகமும் இருந்தது. ஊர் இருக்கிற வரைக்கும் அந்தக் கணக்கு ஊருக்குள் இருந்தது. ஊரே போனால் அதன் ஜாதகத்தை வேறெங்கே தேடுவது? பழைய ஸர்வே செட்டில்மெண்ட் ரிஜிஸ்தர்களில்தான். தென்னாற்காடு ஜில்லாவே 1993-ல் கடலூர், விழுப்புரம் என்று இரண்டாகிவிட்டது. ஆனாலும் ரிஜிஸ்தர்களின் முதுகில் அந்தப் பழைய ஜில்லாவின் பெயர்தான் இருக்கிறது. புல எண், நஞ்சை, புஞ்சை, ஏரி, மந்தைவெளி, சுடுகாடு, பட்டாதாரின் பெயர் என்று கட்டம் கட்டமாக எழுதியிருப்பார்கள். வரி வசூலிப்பதற்காக எழுதியது என்பது வாஸ்தவம். ஆனால் 1690-ஆம் வருஷத்துப் பக்கத்தில் நாம் தேடிக் காணாத ஒன்று இந்தக் கட்டங்களில் இருக்கிறது: குடிகளின் பெயர்.

பெரியவருக்கு இதை நம்மால் இயன்றவரை விளக்கினோம். அவர் ஊர்ப் பெயரைச் சொன்னார்; அக்கம்பக்கத்து ஊர்களையும் சொன்னார். ஏரி எந்தப் பக்கம், ஐயனார் கோயில் எந்தப் பக்கம், தம்முடைய தகப்பனார் பெயர், பாட்டனார் பெயர் எல்லாம் சொன்னார். எழுதிக்கொண்டோம். டீக்காசை அவரே கொடுத்துவிட்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

வீட்டில் பலாப்பழம் நல்ல பெயர் வாங்கிற்று. முந்திரிப் பருப்பில் உடைசல் அதிகம் என்று ஒரு குறை. பொம்மை வாங்க மறந்துபோயிற்று. அதைப் பற்றிப் பேசாமலிருப்பது உத்தமம்.

மறுவாரம் எழும்பூருக்குப் போனோம். இந்தத் தடவை யேல் துரையைக் கேட்கவில்லை. சீட்டில் தென்னாற்காடு ஜில்லா என்று எழுதி, அதற்குக் கீழே தாலூகாவை எழுதி, அதற்குக் கீழே பெரியவர் சொன்ன ஊரின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தெளிவாக எழுதிக் கொடுத்தோம். சிப்பந்தி சீட்டை ஒரு தடவை படித்துப் பார்த்தார். "பழைய கிராமமா, சார்? கொஞ்ச நேரம் ஆகும், உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டு அலமாரிகளுக்கு நடுவே போனார்.